நான்காவது போல்ட் இறங்காத மூடி

நான் முதன்முதலாகத் தனியாகப் போட்ட டிராயிங் ஒரு சிறிய கியர்பாக்ஸின் ஹவுசிங்குக்கும் (வெளிக்கூடு) அதன் மூடிக்கும். முதல் தொகுதி வந்ததும் ஒரு மூடியை எடுத்து வைத்து போல்ட் போட்டோம். ஒரு பக்கத்துக்கு நான்கு எம்6 போல்ட். முதல் இரண்டும் சுலபமாக இறங்கின. மூன்றாவது, மூடியை நகர்த்திப் பிடித்த பிறகு இறங்கியது. நான்காவது இறங்கவே இல்லை.

தப்பாகக் கடைந்துவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். இன்ஸ்பெக்ஷனில் எல்லா அளவும் சரி என்று சொன்னார்கள். திரும்பவும் உட்கார்ந்து நானே அளந்தேன். அவர்கள் சொன்னது உண்மை. தப்பு என் டிராயிங்கில் இருந்தது.

துளைகளுக்கு நடுவே 60 மிமீ, 60 மிமீ, 60 மிமீ என்று சங்கிலி போல அளவு கொடுத்திருந்தேன். தனியாக டாலரன்ஸ், அதாவது அளவு எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பு, போடவில்லை. பொது டாலரன்ஸ் தரமான ஐஎஸ்ஓ 2768 மீடியம் வகுப்பு என்று ஒரு குறிப்பு மட்டும். அதன்படி 60 மிமீக்கு ±0.3. மூன்று சேர்ந்தால் முதல் துளைக்கும் நான்காவதுக்கும் இடையே ±0.9 வரை போகலாம். மூடி 0.5 கூடியிருந்தது, ஹவுசிங் 0.4 குறைந்திருந்தது. வித்தியாசம் 0.9. மூடியின் துளை 6.6 மிமீ, போல்ட் 6 மிமீ, கையில் இருந்த இடைவெளியே 0.6 தான். இரண்டு பாகமும் டிராயிங்படி சரி, சேர்த்தால் சேராது.

முதல் துளையிலிருந்தே எல்லாவற்றையும் அளக்கச் சொன்னால் போதுமா என்று பார்த்தேன். 180 மிமீக்கு அதே தரத்தில் ±0.5. அதுவும் பத்தாது. அப்புறம்தான் துளையின் நடு எந்த வட்டத்துக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லும் பொசிஷன் டாலரன்ஸை ஒழுங்காகப் படித்தேன். மூடி உட்காரும் முகம் முதல் டேட்டம் (எதிலிருந்து அளக்கிறோமோ அந்த ஆதாரம்), நீளப் பக்கம் இரண்டாவது, குறுகிய பக்கம் மூன்றாவது. ஹவுசிங்கில் மரை வெட்டிய துளை என்பதால் போல்ட் அங்கே நகர முடியாது. ஆக, இருக்கிற 0.6 இடைவெளியை இரண்டு பாகமும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஆளுக்கு 0.3 மிமீ விட்டமுள்ள வட்டம். அந்தக் கணக்கைப் போட்டு முடித்த அன்றைக்குத்தான் டாலரன்ஸ் எண் எங்கிருந்து வருகிறது என்று எனக்குப் புரிந்தது. அதுவரை பழைய டிராயிங்கைப் பார்த்துக் காப்பியடித்துக்கொண்டிருந்தேன்.

புது டிராயிங்கை அனுப்பும் முன், கடைசல் போடும் பெரியவர் ஒருவரிடம் காட்டினேன். பயத்தில் மூடியின் வெளி விளிம்புக்கெல்லாம் ±0.05 போட்டு வைத்திருந்தேன். அவர் விளிம்பைத் தொட்டுக் காட்டி, "தம்பி, இது எதிலயாவது போய் உட்காருதா?" என்று கேட்டார். இல்லை. "அப்ப எதுக்கு இவ்வளவு இறுக்கம்?" இதை நான் என்றைக்கும் மறக்க மாட்டேன். விளிம்பைப் பழையபடி பொதுத் தரத்துக்கே விட்டேன். இறுக்கம் வேண்டிய இடம் ஒன்றே ஒன்று, 6204 பேரிங் உட்காரும் 47 மிமீ துளை (போர்). அதற்கு எச்7, அதாவது 0 முதல் +0.025 வரை.

இரண்டாவது தொகுதியில் எந்த மூடியை எந்த ஹவுசிங்கில் வைத்தாலும் போல்ட் விரலாலேயே திருகி இறங்கியது. ஒரே ஒரு ஹவுசிங்கைத் தவிர. அதில் ஒரு மரைத் துளை லேசாகச் சாய்ந்திருந்தது. முகத்தில் துளையின் நடு சரியாக 0.3க்குள், ஆனால் 8 மிமீ தடிமனுள்ள மூடியைத் தாண்டி மேலே வரும்போது போல்ட் விலகி நின்றது. அந்த டாலரன்ஸ் மூடியின் தடிமன் முழுக்கச் செல்லும் என்று காட்டும் புரொஜெக்டட் குறியை எண் 8 உடன் அடுத்த திருத்தத்தில் சேர்த்தேன்.