கொட்டேஷனுக்கு வந்த பதில்

தம்புச் செட்டித் தெருவில் உள்ள எங்கள் அலுவலகத்துக்கு அம்பத்தூர், திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைகளிலிருந்து லேத் பட்டறைக்காரர்கள் வருவதுண்டு. "ஆர்டர் வந்துவிட்டது சார், வேலையையும் ஆரம்பித்துவிட்டோம்" என்பார்கள். நீட்டும் தாளை அவர்கள் கொடுத்த கொட்டேஷனோடு வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்ப்பேன். விலை மாறியிருக்காது. கீழே பொடி எழுத்தில், பணம் தரும் கெடு மட்டும் 30 நாளிலிருந்து 90 நாளாகியிருக்கும்.

அந்தத் தாள் ஏற்பு அல்ல; கொட்டேஷனை அப்படியே ஒப்புக்கொண்டதாக ஆகாது. ஏற்பு முழுமையாகவும் நிபந்தனையின்றியும் இருக்க வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 7ஆம் பிரிவு. கெடுவை மாற்றினால் அது வாடிக்கையாளர் வைக்கும் எதிர் முன்மொழிவு; கொட்டேஷன் என்ற பட்டறைக்காரரின் முன்மொழிவு அத்துடன் முடிந்துபோகிறது. 1840இல் இங்கிலாந்தில் தீர்ப்பான ஹைட் எதிர் ரெஞ்ச் வழக்கில், 1,000 பவுண்டுக்கு விற்பதாகச் சொன்ன பண்ணையை 950க்குக் கேட்டார் ஹைட். ரெஞ்ச் மறுத்த பிறகு, ஆயிரத்துக்கே வாங்கிக்கொள்கிறேன் என்றார். ஒப்பந்தம் எதுவும் உருவாகவில்லை என்றது நீதிமன்றம்.

பட்டறைக்காரரை மாட்டிவிடுவது 8ஆம் பிரிவு. முன்மொழிவில் கேட்டதைச் செய்துமுடிப்பதே ஏற்பாகிவிடும். மறுப்புச் சொல்லாமல் சரக்கை அனுப்பினால் 90 நாளுக்குச் சம்மதித்ததாகத்தான் எதிர்த்தரப்பு வாதிடும். அந்த வாதத்தை முறியடிப்பது கடினம்.

அதனால் லேத்தை ஓட்டுவதற்கு முன் ஒரே ஒரு வரி எழுதிக் கேளுங்கள் என்று மன்றாடாத குறையாகச் சொல்கிறேன்: "30 நாள் கெடுவில்தான் செய்துதர முடியும், சம்மதமா?" பலர் தயங்குகிறார்கள். "கேட்டால் ஆர்டர் கைநழுவிவிடும் சார்." அந்தப் பயம் நியாயமானது. அந்த ஆர்டரை நம்பித்தான் ஆட்களுக்குச் சம்பளம்.

குறு, சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று துணை நிற்கிறது. இருவரும் கையெழுத்திட்டே ஒப்புக்கொண்டாலும் கெடு 45 நாளைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதந்தோறும் கூட்டுவட்டி. குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவை முன்கூட்டியே செய்துவைக்கச் சொல்வது இதற்காகத்தான். ஆனால், ஒரு வரி கேட்கவே அஞ்சுகிறவர் அதே வாடிக்கையாளர் மீது புகார் கொடுப்பாரா?

சிலர் போனில் கேட்டுக்கொள்கிறார்கள். போனில் சொன்ன ஏற்பும் செல்லும். அது காதில் விழுந்த இடத்திலேயே ஒப்பந்தம் உருவாகிறது என்று உச்ச நீதிமன்றம் 1965இல் கேடியா வழக்கில் சொல்லியிருக்கிறது. பின்னால் அதை நிரூபிப்பதுதான் பெரும்பாடு. போனை வைத்த கையோடு, பேசியதை அவர்களுக்கே மின்னஞ்சலில் எழுதி அனுப்பிவிடச் சொல்கிறேன்.