நாலில் மூன்று

ஃபிரிட்ஜில் கிடந்த உருளைக்கிழங்கை எண்ணெயில் போட்டால் சட்டென்று கறுத்துவிடும், லேசாகத் தித்திக்கவும் செய்யும். குளிரில் கிழங்குக்குள் சேரும் சுக்ரோஸை இன்வர்டேஸ் என்ற நொதி குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடுவதுதான் காரணம். அந்தச் சர்க்கரையும் அஸ்பராஜின் என்ற அமினோ அமிலமும் வறுபடும் சூட்டில் சேர்ந்தால், புற்றுநோய் வரவைக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் அக்ரிலமைடு வேறு உண்டாகும். டி.என்.ஏ.வைக் குறித்த இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் முறையால் இன்வர்டேஸ் மரபணுவை முடக்குவது என் பிஎச்.டி. வேலை. ஒரு வருடத்தில் முடித்துவிடலாம் என்று நம்பினேன்.

உருளையில் ஒரே குரோமோசோம் தொகுதி நாலு தடவை இருக்கும்: 12 நாலு 48. ஆக, மரபணுவின் நாலு பிரதியையும் வெட்டியாக வேண்டும். ஒன்று தப்பினாலும் அது பாட்டுக்கு நொதியைச் செய்துகொண்டிருக்கும்.

நெல் என்றால், வெட்டும் கத்திரியான கேஸ்9 புரதத்தின் மரபணுவையே செடிக்குள் நுழைத்துவிட்டு, அடுத்த தலைமுறையில் அது இல்லாத செடியைப் பொறுக்கிக்கொள்ளலாம். உருளையை விதை வழியே கொண்டுபோனால் ரகமே கலைந்துவிடும். அதனால் கேஸ்9 புரதத்தையும், எங்கே வெட்டுவது என்று அதற்குக் காட்டும் வழிகாட்டி ஆர்.என்.ஏ.வையும் நேராகச் செல்லுக்குள் அனுப்பினோம். வேலை முடிந்ததும் அவை தாமாகச் சிதைந்துவிடும். ஆனால் அதற்கு முதலில் செல்சுவரை உரிக்க வேண்டும். இலைகளைப் பிளேடால் நறுக்கி, இரவு முழுக்க இருட்டில் நொதிக் கரைசலில் ஊறவைத்தால், காலையில் மைக்ரோஸ்கோப்பில் பச்சைப் பச்சையாய்க் குட்டி உருண்டைகள். அவசரப்பட்டு உறிஞ்சினால் வெடித்துவிடும். பிப்பெட் முனையைக் கத்தரித்து அகலமாக்கிக்கொள்ளச் சொன்னவர் லேப் உதவியாளர் அண்ணன். நான் வைத்திருந்த செய்முறைத் தாளில் அது இல்லை.

அந்த உருண்டை திரும்பச் சுவர் கட்டி, கேலஸ் என்ற உருவமில்லாத செல் திரளாகி, தளிர்விட ஐந்து மாதம். நடுவில் பூஞ்சை வந்து இரண்டு தொகுதி போயிற்று. தப்பிய செடிகளின் டி.என்.ஏ.வைப் படித்தால், எதிலும் மூன்று பிரதிக்கு மேல் வெட்டு விழவில்லை. நாலாவது அப்படியே இருந்தது.

தப்பு என்னுடையது. 2011இல் வெளியான உருளை மரபணுத்தொகுப்பைப் பார்த்து வழிகாட்டியை வடிவமைத்திருந்தேன். அது ஆய்வுக்கென்று உருவாக்கிய ஒரு தனிச் செடியினுடையது. எங்கள் ரகத்தில் ஒரு பிரதியில், வெட்டு விழ வேண்டிய இடத்தை ஒட்டி, ஓர் எழுத்து மாறியிருந்தது. வழிகாட்டி பொருந்த வேண்டிய 20 எழுத்தில் ஒன்று! "நம்ம ரகத்தை ஒரு தடவை படிச்சுப் பார்த்தியா?" என்றார் மேடம். தலையைக் குனிந்துகொண்டேன்.

படித்தேன். நாலு பிரதியும் ஒத்துப்போகும் இடமாகத் தேடி, மறுபடி பிளேடு, மறுபடி ஐந்து மாதம். இந்த முறை சில செடிகளில் நாலும் வெட்டுப்பட்டிருந்தன. அவற்றில் ஒன்று இலை சுருண்டு குட்டையாக நின்றது. ஒற்றைச் செல்லிலிருந்து வளர்க்கும்போது குரோமோசோம் எண்ணிக்கையே மாறிவிடுவது உண்டு. அதைத் தள்ளிவிட்டோம்.

கிழங்குகளை இரண்டு மாதம் 4 டிகிரியில் வைத்து, பழைய ரகத்தோடு பக்கத்தில் பக்கத்தில் வறுத்தோம். பழையது காப்பித்தூள் நிறம், எங்களுடையது வைக்கோல் நிறம். லேப் பொருளை வாயில் வைக்கக் கூடாது. வாசனை மட்டும் பிடித்துவிட்டு, கேண்டீனில் ஒரு பாக்கெட் சிப்ஸ் வாங்கித் தின்றோம்.