கொசுவின் ஆறு ஊசிகளும் கிராம்பு எண்ணெயும்

வீட்டில் பூச்சி ஸ்லைடு செய்கிறேன் என்றால், எந்த மைக்ரோஸ்கோப் வைத்திருக்கிறீர்கள் என்றுதான் பலரும் முதலில் கேட்கிறார்கள். ஸ்லைடு தெளிவாக அமைந்துவிட்டால் பள்ளிக்கூடத்து மைக்ரோஸ்கோப்பே போதும். அது கலங்கலாக இருந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸும் உதவாது. பூச்சிக்குள் இருக்கும் சதையை வெளியே எடுப்பது, பிறகு தண்ணீரை வெளியே எடுப்பது: வேலை முழுவதும் இந்த இரண்டில்தான் இருக்கிறது.

சதையைக் கரைப்பது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. 100 மில்லி கரைசலுக்கு 10 கிராம் என்ற அளவு போதும். தசையும் கொழுப்பும் அதில் கரைந்துவிடும், மேலோட்டின் கெட்டிப் பொருளான கைட்டின் மட்டும் கரையாமல் நிற்கும். ஆனால் இது தோலையும் கண்ணையும் அரிக்கும் காரம், விளையாட்டில்லை. கையுறை, கண்ணாடி இரண்டும் போட்டுக்கொண்டு, தண்ணீரில்தான் ஹைட்ராக்சைடு வில்லைகளைப் போட வேண்டும்; வில்லைகள் மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது, கரையும்போது நன்றாகச் சூடாகும். அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, அதையும் அரித்து ஹைட்ரஜனைக் கிளப்பும்.

கொசு போன்ற சின்னப் பூச்சிக்கு ஒரு ராத்திரி ஊறினால் பெரும்பாலும் போதும். தேனீயின் கால், வண்டு என்றால் இன்னும் சில நாள் ஆகலாம். சூடாக்கினால் சீக்கிரம் முடியும் என்பார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. மெதுவாக ஊறினால்தான் நடுநடுவே எட்டிப் பார்த்துச் சரியான நேரத்தில் எடுக்க முடியும். அளவுக்கு மீறினால் நிறம் வெளுத்து, மூட்டுகள் கழன்று வந்துவிடும்.

அப்புறம் தண்ணீரில் போட்டு, மெல்லிய ப்ரஷால் வயிற்றை லேசாக அழுத்தினால் கரைந்ததெல்லாம் பழுப்பாக வெளியே வரும். தண்ணீரை மாற்றி மாற்றிக் கழுவி, கடைசியாகச் சில சொட்டு வினிகர் சேர்த்தால் மிச்சமிருக்கும் காரமும் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இதற்கடுத்தது. உடல் வளைந்து கொடுக்கும் இந்த நேரத்திலேயே கால்களையும் சிறகுகளையும் விரித்து வைத்துவிட வேண்டும், ஆல்கஹாலில் போனால் விறைத்துவிடும். பெண் கொசுவின் தலையை எடுத்துக்கொள்ளுங்கள். உணர்கொம்பில் முடி குறைவாக இருந்தால் பெண், அடர்ந்த குஞ்சம் இருந்தால் ஆண். ஒற்றை ஊசியாகத் தெரியும் அந்த வாய், உண்மையில் ஒரு உறைக்குள் அடங்கிய ஆறு மெல்லிய ஊசிகள். மெல்லிய ஊசி முனையால் நெம்பினால் அவை ஒவ்வொன்றாகப் பிரியும். இரண்டின் நுனியில் ரம்பம் போலப் பற்கள். ஒன்று இரத்தம் ஏறும் வழி, இன்னொன்று எச்சில் இறங்கும் வழி. கடிக்கும் நேரத்தில் உறை வெளியிலேயே மடிந்து நிற்க, தோலுக்குள் போவது இந்த ஆறுதான். படத்தில் எத்தனை தடவை பார்த்திருந்தாலும், நம் கையாலேயே பிரித்துப் பார்ப்பதற்கு ஈடாகாது.

விரித்ததைத் தட்டையாகவே வைத்து, 50, 70, 90, 100 சதவீத எத்தனாலில் வரிசையாகப் போட்டால் தண்ணீர் படிப்படியாக வெளியேறும். அவசரப்படவே கூடாது. அடுத்து, உடல் தெளிவாகத் தெரிவதற்காகச் சைலீன் என்ற கரைப்பானில் போடுபவர்கள் உண்டு. அதில் துளி ஈரம் மிஞ்சியிருந்தாலும் பால் போல வெளுத்துவிடும், புகையும் நல்லதல்ல. வீட்டில் செய்பவர்களுக்குக் கிராம்பு எண்ணெய்தான் என் சிபாரிசு: கொஞ்சம் ஈரம் இருந்தாலும் பொறுத்துக்கொள்ளும். அதில் விழுந்ததும் மங்கலாக இருந்த உடல் கண்ணெதிரே கண்ணாடியாகிவிடும். எண்ணெய் பட்ட காகிதத்தில் வெளிச்சம் ஊடுருவுகிறதே, அதே காரணம்தான். கைட்டின், கிராம்பு எண்ணெய், கண்ணாடி மூன்றின் ஒளிவிலகல் எண்ணும் (ஒளியை எவ்வளவு வளைக்கும் என்ற அளவு) 1.5-ஐ ஒட்டியே இருப்பதால் ஒளி சிதறாமல் நேராகக் கடந்து போகிறது.

ஆனால் தெளிவு கூடிப்போனாலும் சங்கடம்தான். பூச்சியை ஸ்லைடில் பதிக்க உதவும் கனடா பால்சம் என்ற மரப்பிசினின் எண் 1.52-க்கு மேல், வெளிறிய பூச்சியின் நுண்முடிகள் அதில் கிட்டத்தட்ட மறைந்துவிடும். யூபரல் என்ற இன்னொரு பிசின் 1.48 அளவில் இருப்பதால் விளிம்புகள் தனித்துத் தெரியும். எனவே கருத்த உடலுக்குப் பால்சம், வெளிறியதற்கு யூபரல் என்று வைத்திருக்கிறேன்.

பிசின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடித் துண்டான கவர்ஸ்லிப்பை, ஒரு ஓரத்தை முதலில் தொடவிட்டு, சாய்த்து மெதுவாக இறக்கினால் காற்றுக்குமிழ் அதிகம் மாட்டாது. பெரும்பாலான லென்ஸ்களின் மேல் 0.17 என்று பொறித்திருக்கும். மில்லிமீட்டரில் அந்தத் தடிமனுள்ள கவர்ஸ்லிப்பையே வாங்குங்கள். பூச்சிக்கும் கவர்ஸ்லிப்புக்கும் நடுவே பிசின் தடிமனாக நின்றாலும் உயர் உருப்பெருக்கத்தில் படம் மங்கும். உடலைத் தட்டையாக்குவது அதற்காகவும்தான். பிறகு தூசி படாத இடத்தில் படுக்கை வசமாக வாரக்கணக்கில் காய விடுங்கள், கிராம்பு எண்ணெய் சீக்கிரம் ஆவியாகாது.

காயும்போதே லேபிள் ஒட்டிவிடுங்கள். பூச்சி எது, ஆணா பெண்ணா, எங்கே எப்போது கிடைத்தது என்பதோடு எந்தப் பிசின் என்றும் எழுத வேண்டும். பின்னாளில் கவர்ஸ்லிப்பைக் கழற்றித் திரும்பப் பதிக்க நேர்ந்தால் பால்சத்துக்குச் சைலீன், யூபரலுக்கு ஆல்கஹால் வேண்டும். எது என்று எழுதி வைக்காவிட்டால், அந்த வேலையைச் செய்பவர் ஊகித்துத்தான் தொட வேண்டியிருக்கும்.