ஃபுல்சம் என்று எழுதி வாங்கிக் கட்டிக்கொண்ட கதை

வெளிநாட்டில் மேல்படிப்புக்காக எழுதுகிற ஜிஆர்இ தேர்வை எழுதி மூன்று வாரம் ஆகிறது. ஆங்கிலத்தைச் சோதிக்கிற வெர்பல் பகுதியில் 156. பீற்றிக்கொள்கிற மதிப்பெண் இல்லை. ஆனால் 130-இல் தொடங்கி 170-இல் முடிகிற தேர்வில், முதல் மாடல் டெஸ்டில் 141 வாங்கியவளுக்கு இது தீபாவளி. கணக்கு, பாஸ்போர்ட், பணம் கட்டுவது எல்லாம் வம்பில்லாமல் முடிந்தன. என்னைப் படுத்தி எடுத்தது வார்த்தைகள்தான்.

பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வீடு அவிநாசி, வேலை திருப்பூரில், ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். நாள் முழுக்கப் பையருக்கு, அதாவது எங்களிடம் துணி வாங்குகிற வெளிநாட்டுக் கம்பெனிக்கு, மெயில் போடுகிறவள், இங்கிலீஷ் நமக்கு வரும் என்று நம்பிக்கொண்டிருந்தேன். ஷேட், ஜிஎஸ்எம், அப்ரூவல், ஷிப்மெண்ட் என்று இருநூறு வார்த்தையிலேயே ஐந்து வருடம் ஓட்டியிருக்கிறேன் என்பது அந்த 141-ஐப் பார்த்த பிறகுதான் உறைத்தது.

கோவை காந்திபுரத்தில் ஒரு கோச்சிங் சென்டரில் 18,000 ரூபாய் கட்டிச் சேர்ந்தேன். ஞாயிறுதோறும் வகுப்பு. தலையணை தடிமனுக்கு ஒரு ஜெராக்ஸ் கட்டு கொடுத்தார்கள்: நாலாயிரம் வார்த்தை, ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரே ஒரு தமிழ்ச் சொல். சார் வாசிப்பார், நாங்கள் டிக் அடிப்போம். அவ்வளவுதான் வகுப்பு. ஒரு ஞாயிறு காலை ஆறரைக்கே பஸ் பிடித்துப் போனால் ஷட்டர் இறங்கியிருந்தது. கீழே டீக்கடை அண்ணன்தான், "இன்னைக்கு லீவுங்க, நேத்தே சொல்லிட்டாங்களே" என்றார். யாரிடம் சொன்னார்களோ. ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மூன்றாவது மாதம்தான் கட்டின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினேன். எதிர்ச்சொல் பயிற்சி, ஒப்புமைப் பயிற்சி என்று ஐம்பது பக்கம். இந்த இரண்டு வகைக் கேள்வியையும் 2011 ஆகஸ்டிலேயே தேர்விலிருந்து எடுத்துவிட்டார்கள்! கவுண்டரில் இருந்த மேடத்திடம் போய்க் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "கேள்வி மாறும், வேர்ட் மாறுமாங்க? அதே இங்கிலீஷ்தானே" என்றார். அந்த நிமிடம் பதில் சொல்லத் தெரியவில்லை. பஸ்ஸில் பெருமாநல்லூர்க்காரர் ஒருவர் தோளில் தூங்கி விழ, யோசித்துக்கொண்டே வந்தேன். இப்போது வெர்பலில் மொத்தமே 27 கேள்வி, 41 நிமிடம். கோடிட்ட இடத்தை நிரப்பு, ஆறு சொல்லில் வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டை எடு, பத்தியைப் படித்துப் பதில் சொல். இரண்டில் ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் அரை மார்க் எல்லாம் கிடையாது, பூஜ்ஜியம். வார்த்தை எப்போதும் வாக்கியத்துக்குள் உட்கார்ந்துகொண்டுதான் வரும். நாங்களோ அதைத் தனியாகப் பிடுங்கி வைத்துக்கொண்டு டிக் அடித்துக்கொண்டிருந்தோம்.

இது முழுசாகப் புரிய ஓர் அடி தேவைப்பட்டது. லண்டன் பையர் ஒருவர் எங்கள் சாம்பிளை வாயாரப் பாராட்டி மெயில் போட்டிருந்தார். அந்த ஜெராக்ஸ் கட்டுக்குள் 'ஃபுல்சம்' என்றால் 'நிறைவான' என்று போட்டிருந்தது. விடுவேனா? உங்கள் ஃபுல்சம் பாராட்டுக்கு நன்றி என்று பதில் போட்டேன். மறுநாள் ஒரே வரி வந்தது: நாங்கள் மனதாரத்தான் சொன்னோம். மேனேஜர் கூப்பிட்டு, "ஏனுங்க, அவங்களை என்னன்னு திட்டுனீங்க?" என்றார். ஃபுல்சம் என்றால் காரியத்துக்காக எச்சாகப் புகழ்வது, கேட்கிறவருக்கே ஒரு மாதிரி ஆகிற அளவுக்குக் குழைவது. வாடிக்கையாளரைப் பார்த்து உங்கள் ஜால்ராவுக்கு நன்றி என்று எழுதியிருக்கிறேன். அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை. ஆனால் அந்த ஒரு வார்த்தை சாகும்வரை மறக்காது.

அன்று இரவே ஜெராக்ஸ் கட்டைத் தூக்கி அட்டாலியில் போட்டேன். கம்பெனியில் கலர் தப்பி ரிஜெக்ட் ஆன ஹேங்டேக், துணியில் தொங்கவிடுகிற அட்டை, ஒரு பெட்டி கிடந்தது. மடிப்பு டேக், உள்பக்கம் வெறும் வெள்ளை. கேட்டு வாங்கி வந்தேன். பின்னால் வார்த்தை, உள்ளே அந்த வார்த்தை வருகிற ஒரு முழு வாக்கியம். தமிழ் அர்த்தம் கடைசியில்தான், அதுவும் அகராதித் தமிழ் இல்லை, வீட்டில் பேசுகிற தமிழ். ஐந்து டப்பா வைத்துக்கொண்டேன். முதல் டப்பாவைத் தினமும் பார்ப்பது, அடுத்ததை இரண்டு நாளுக்கு ஒருமுறை, அதற்கடுத்ததை இன்னும் தள்ளி. சரியாகச் சொன்னால் டேக் அடுத்த டப்பாவுக்கு ஏறும், தப்பினால் எந்த டப்பாவிலிருந்தாலும் முதலுக்கே இறங்கும். இது செபாஸ்டியன் லைட்னர் 1972-இலேயே புத்தகமாக எழுதிய முறை. போனில் கார்டு போட்டுப் படிக்கிற அங்கி (Anki) ஆப்பும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது, ஆண்ட்ராய்டில் காசும் இல்லை. எனக்குப் போனை எடுத்தால் ரீல்ஸ்தான் ஓடும் என்பதால் டேக். ஓட்டை ஏற்கெனவே இருக்கிறது, நூலில் கோத்துக் கைப்பையில் தொங்கவிட்டுக்கொண்டால் பஸ்ஸிலும் பார்க்கலாம்.

ஆளையோ இடத்தையோ ஒட்டவைத்த வார்த்தைதான் நின்றது. 'டாசிடர்ன்' என்றால் எங்கள் அப்பிச்சி, அம்மாவின் அப்பா: பொழுதுக்கும் சேர்த்து நாலு வார்த்தை பேசுவார், அதில் இரண்டு மாட்டிடம். 'ஃபாஸ்டிடியஸ்' என்றால் ஒரே காலரை ஆறு தடவை டேப் வைத்து அளக்கும், தரம் பார்க்கிற எங்கள் க்யூசி அக்கா. 'நொய்சம்' மட்டும் நாலு முறை முதல் டப்பாவுக்கே திரும்பியது. சத்தம் என்று நினைப்பேன், ஆனால் அது குடலைப் புரட்டும் நாற்றம். அப்புறம் ஒருநாள் பாலத்தில் பஸ் நிற்கும்போது, சாயக் கழிவால் கெட்டுப்போன நொய்யல் ஆற்றைப் பார்த்தேன். 2011-இல் சாயப்பட்டறைகளை எல்லாம் மூடச் சொல்லி ஐகோர்ட் உத்தரவு போட்ட சமயம், நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த ஆற்று வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. நொய்சம், நொய்யல். அதற்கப்புறம் அந்த டேக் கீழே இறங்கவே இல்லை.

'பரியா' என்ற டேக்கை எழுதத்தான் கை வரவில்லை. பறை அடிப்பவர்களின் பெயரை நம் ஊரிலிருந்து எடுத்துக்கொண்டுபோய் 'ஒதுக்கப்பட்டவர்' என்று அர்த்தம் போட்டு வைத்திருக்கிறார்கள். சார் அதையும் டிக் அடிக்கச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போனார். நான் டேக்கின் உள்ளே அது எங்கிருந்து போன சொல் என்பதையும் சேர்த்து எழுதி வைத்தேன்.

எழுதப் போகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: தெரியாத வார்த்தையைவிட, தெரியும் என்று நினைக்கிற வார்த்தைதான் காலை வாரும். 'ஃப்ளாக்' என்றால் தளர்ந்துபோவது, 'வான்ட்' என்றால் இல்லாமை, 'செக்' என்றால் தடுத்து நிறுத்துவது. என் மாடல் டெஸ்டுகளில் பாதித் தப்பு இந்த மாதிரிச் சாதுக்களால் வந்தது. 'ஹஸ்பண்ட்' வினைச்சொல்லாக வந்தால் சிக்கனமாகச் செலவழிப்பது. அதை நான் ஒரு வாரம் உருப்போட்டதைக் கேட்டு அமுச்சி, அதாவது பாட்டி, என் அம்மாவிடம், "அம்மிணி ராத்திரி பூரா ஹஸ்பண்டு ஹஸ்பண்டுன்னே பொலம்பறா, ஒரு நல்ல எடமாப் பாருங்க" என்று சொல்லிவிட்டார். ஜாதகம் வெளியே போய்விட்டது. திரும்ப வாங்குவது ஜிஆர்இயைவிடக் கஷ்டமாக இருந்தது.

நாலு மாதத்தில் 900 டேக். நாலாயிரம் தேவையே படவில்லை. 31 டேக் கடைசிவரை முதல் டப்பாவை விட்டு நகரவில்லை. 'ஆஸ்டென்சிபிள்', 'ஆஸ்டென்டேஷியஸ்' இரண்டில் எது எது என்று இப்போது கேட்டாலும் திருதிருவென்றுதான் முழிப்பேன்.

சென்டரில் பாதிப் பணமாவது திருப்பிக் கேட்டேன். ஆடி கழியட்டும் பார்க்கலாம் என்றார்கள். ஆவணியும் கழிந்துவிட்டது. போன் அடித்தால், "நேர்ல வாங்க" என்கிறார்கள். எந்த ஞாயிறு ஷட்டர் திறந்திருக்கும் என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.