ஒரே ஸ்டூடியோவில் வயலும் வீணையும்

சென்னைத் தூர்தர்ஷனில், அதாவது அரசுத் தொலைக்காட்சியில், நான் வேலை பார்த்த எண்பதுகளில், ஒரு நாளின் ஒளிபரப்பு முழுவதும் கியூ ஷீட்டில் அடங்கிவிடும். எத்தனை மணிக்கு எந்த டேப் ஓட வேண்டும், அது எத்தனை நிமிடம் எத்தனை விநாடி, நடுவில் அறிவிப்பாளர் வருவாரா இல்லை எழுத்து அட்டை மட்டும்தானா என்று எல்லாம் அதில் இருக்கும். படிக்கும்போதே அன்று பெட்டியின் முன் யார் யார் உட்காரப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். நாற்று விட்டிருக்கும் விவசாயி, பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகள், கச்சேரிக்காகக் காத்திருக்கும் பெரியவர், வெள்ளிக்கிழமை என்றால் தெருவே.

நிலையம் 1975 ஆகஸ்ட் 15இல் தொடங்கியது. நான் சொல்லும் காலத்தில் தமிழில் பார்க்க வேண்டுமென்றால் பெரும்பாலான வீடுகளில் இந்த ஒன்றுதான். அதனால் எல்லோருக்கும் இதில் இடம் வேண்டும். அந்த இடத்தை ஒவ்வொருவருக்கும் எப்படிக் கொடுக்கிறோம் என்பதில்தான் இந்த வேலையின் அருமை இருந்தது என்று நான் நினைக்கிறேன்.

காலையில் ஸ்டூடியோவில் ‘வயலும் வாழ்வும்’ பதிவு நடக்கும். தரையில் வைக்கோல், பின்னால் வரைந்த தென்னை, நடுவில் கயிற்றுக் கட்டில். பதிவு முடிந்ததும் செட் ஆட்கள் எல்லாவற்றையும் எடுத்து, தரையைத் துடைத்து, பிற்பகலில் அதே இடத்தில் வீணைக் கச்சேரிக்கு மேடை போடுவார்கள். ஒரு வைக்கோல் துரும்பு மேடையில் கிடந்தாலும் கேமராக்காரர் கண்ணில் பட்டுவிடும். அதே கேமரா, அதே விளக்கு, அதே ஆட்கள். கச்சேரிக்கு ஒரு தரம், பயிர்ப் பாதுகாப்புக்கு ஒரு தரம் என்று அந்த ஆட்கள் வேலை பார்த்து நான் கண்டதில்லை.

விவசாயிகளைப் பேச வைப்பது தனிக் கலை. வரப்பில் நின்றால் மணிக்கணக்கில் பேசுகிறவர், விளக்குப் போட்டதும் மேடைத் தமிழுக்கு மாறி விறைத்துக்கொள்வார். அனுபவப்பட்ட தயாரிப்பாளர் ஒருவர் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார். புகையான் பூச்சி தாக்கிய நெற்பயிர் ஒன்றை வேரோடு கொண்டுவரச் சொல்லி, விவசாயியின் கையிலேயே கொடுத்துவிடுவார். பயிர் கைக்கு வந்ததும் அவருக்குக் கேமரா மறந்துபோகும். தூரைப் பிரித்து, பூச்சி எங்கே உட்காரும், தண்ணீரை எப்போது வடிக்க வேண்டும் என்று தன் பேச்சிலேயே சொல்ல ஆரம்பிப்பார். பக்கத்தில் இருக்கும் வேளாண் விஞ்ஞானியும் புத்தகத் தமிழை விட்டுவிட்டு அவரோடு சேர்ந்துகொள்வார். இதைவிட நல்ல பேச்சு எந்த இலக்கிய நிகழ்ச்சியிலும் நான் கேட்டதில்லை.

கச்சேரிப் பதிவில் வேறு விதமான பாடு. குளிரூட்டிய அறையில் மிருதங்கத்துக்குச் சுருதி சேர்த்து உட்கார்ந்திருப்பார்கள். விளக்குகள் எரியத் தொடங்கினால் சூட்டில் தோல் இறுகும், சுருதி ஏறும். சரி, விளக்கைப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடி சேர்த்த பிறகுதான் பதிவு. அந்த நேரத்தை வீண் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

நேரக் கணக்குதான் என் பொறுப்பு. 1982இல் டெல்லியிலிருந்து தேசிய ஒளிபரப்பு தொடங்கிய பிறகு, இரவு குறித்த விநாடியில் அங்கே மாறியாக வேண்டும். நாம் முடிக்காவிட்டாலும் டெல்லி காத்திருக்காது. நிகழ்ச்சி குறைந்தால் மீதி நேரத்தை நிரப்ப ஃபில்லர் துண்டு இருக்கிறது, புல்லாங்குழலும் அருவியுமாகச் சமாளிக்கலாம். நீண்டால் என்ன செய்வது? மங்களம் பாடிக்கொண்டிருக்கும் வித்வானை நடுவில் மங்க வைப்பதைப்போல ஒரு அவமரியாதை கிடையாது. அதனால் பதிவுக்கு முன்பே வித்வானிடம் போய் உட்கார்ந்து, “அண்ணா, தில்லானாவும் மங்களமும் சேர்த்து இவ்வளவு நேரம்தான் இருக்கு” என்று கேட்டு வைப்பேன். பெரிய வித்வான்கள்தான் இதற்கு முகம் சுளிக்கவே மாட்டார்கள். கைக்கடிகாரத்தைக் கழற்றி எதிரில் வைத்துக்கொண்டு, சொன்ன நேரத்தில் முடித்துக் கொடுப்பார்கள்.

யாருக்காக இதெல்லாம் என்பதைக் கடிதங்கள் சொல்லும். ‘எதிரொலி’யில் நேயர்களின் கேள்விகளுக்கு நிலைய இயக்குநரே திரையில் வந்து பதில் சொல்வார். சாக்கு சாக்காக வரும் கடிதங்களில் பாதி, பாட்டு போதவில்லை என்றுதான் இருக்கும். வெள்ளிக்கிழமை சினிமாப் பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ பற்றியே நூறு யோசனைகள். அதில் தவறில்லை, பாட்டு எனக்கும் பிடிக்கும். கொடைக்கானல் ஒளிபரப்புக் கோபுரம் வந்த பிறகு தெற்குச் சீமையிலிருந்தும் கடிதங்கள் வரத் தொடங்கின. அதுவரை அங்கே பல ஊர்களில் இலங்கையின் ரூபவாஹினிதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கடிதங்களில் ஊர்ப் பெயரும் பயிர்ப் பெயரும் நிறைய இருக்கும். கரிசலில் பருத்தி போட்டவர், காவிரிக் கரை நெல்லைப் பற்றியே பேசுகிறீர்களே என்று உரிமையோடு கேட்டிருப்பார். கேட்க வேண்டியதுதான். தயாரிப்பாளர்கள் அதைப் படித்துவிட்டுப் பருத்திக்காரர்களைத் தேடிப் போனார்கள்.

1993இல் தனியார் சேனல்கள் வந்தன. அப்புறம் பாட்டுக்கு ஒன்று, செய்திக்கு ஒன்று என்று பிரிந்துகொண்டே போயின. அவரவருக்கு வேண்டியது இருபத்து நான்கு மணி நேரமும் கிடைப்பது நல்லதுதான். ஆனால் விளம்பரதாரர் தேடி வராத பார்வையாளருக்கு, புகையான் பிடித்த வயல்காரருக்கு, தனிச் சேனல் யார் போடுவார்கள்? அவருக்கும் ஒரு அரை மணி நேரம் குறையாமல் கொடுப்பதற்குத்தான் பொதுத் தொலைக்காட்சி.

புயல் நாட்களில் கியூ ஷீட்டே மாறிப்போகும். நுங்கம்பாக்கம் வானிலை மையத்திலிருந்து தகவல் வர வர, எழுதி அறிவிப்பாளர் கையில் கொடுப்போம். அப்படி ஒரு வெள்ளிக்கிழமை, பாட்டுகளுக்கு நடுவில் எச்சரிக்கை போய்க்கொண்டிருந்தது. டியூட்டி ரூம் தொலைபேசி ஓயவில்லை. ஏன் பாட்டை நிறுத்துகிறீர்கள் என்றுதான் வரிசையாகக் கேட்டார்கள். நடுவில் கடலோர ஊர் ஒன்றிலிருந்து மீனவர் சங்கத்துக்காரர் ஒருவர் பேசினார். “சார், கூண்டு நம்பரை ரொம்ப வேகமா படிக்கிறாங்க. எந்தத் துறைமுகத்துக்கு எத்தனையாம் நம்பர்னு நிதானமா சொல்லச் சொல்லுங்க. இங்க எல்லாரும் டிவி முன்னாடிதான் நிக்கிறோம்.”

அடுத்த பாட்டை எடுத்துவிட்டோம். துறைமுகப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி, கூண்டு எண்ணோடு திரையில் நிறுத்தி, அறிவிப்பாளர் இரண்டு முறை படித்தார்.