இழுப்பறைக்குள் அமிலம்

நவம்பர் 4
புதைபடிவ அலமாரியில் ஈரப்பதமானி 67 சதவீதம் காட்டுகிறது. 60-ஐத் தாண்டினாலே, படிவங்களில் பொன்னாக மின்னும் பைரைட் கனிமத்துக்கு ஆகாது.

நவம்பர் 5
இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் கிடைத்த அம்மோனைட்டுகள் (சுருள் ஓட்டுக் கடலுயிரிகளின் புதைபடிவங்கள்) இருக்கும் இழுப்பறையைத் திறந்ததுமே கந்தக நெடி. பொன்னாக மின்ன வேண்டிய சுருள்களின் மேல் சாம்பல் கலந்த மஞ்சள் பொடி. பைரைட்டில் இருப்பது இரும்பும் கந்தகமும். காற்றும் ஈரமும் பட்டால் இரும்பு சல்ஃபேட்டும் கந்தக அமிலமும் ஆகிவிடும். சல்ஃபேட்டுக்கு அதிக இடம் வேண்டும், அதனால் படிவம் உள்ளிருந்தே விரிசல் விடும். அமிலமோ கீழே இறங்கி, அடியில் கிடக்கும், இடமும் பெயரும் எழுதிய சீட்டைத் தின்னும். இந்தச் சீட்டில் 'லைம்' வரை படிக்க முடிகிறது. அதற்கப்புறம் பழுப்பு ஓட்டை.

நவம்பர் 6
மழை.

நவம்பர் 8
அந்த ஓட்டை மனதை விட்டுப் போகவில்லை. கல் போனால் அதே அடுக்கில் இன்னொன்று கிடைக்கும். பெயர் போனால் போனதுதான். லைமில் படிவம் தேடி விற்ற மேரி ஆனிங் 1823 டிசம்பரில் தோண்டியெடுத்த பிளீசியோசாரை (நீண்ட கழுத்துக் கடல் ஊர்வன), 1824 பிப்ரவரியில் லண்டன் புவியியல் சங்கத்தில் புவியியலாளர் கோனிபியர் விவரித்தபோது ஆனிங்கின் பெயரைச் சொல்லவே இல்லை. சங்கம் பெண்களைச் சேர்த்துக்கொண்டதே 1919-ல்தான். காசு கொடுத்து வாங்கிய கனவான் பெயர் பதிவேட்டில் ஏறும், கரையில் சேறு மிதித்தவர் பெயர் ஏறாது. அதே லைமில் எலிசபெத் பில்பாட்டும் சகோதரிகளும் சேர்த்த படிவங்களைத் தங்களிடமே வைத்துச் சீட்டு எழுதினார்கள். 1834-ல் லைமுக்கு வந்த மீன் படிவ ஆய்வாளர் அகாசி, பிறகு மீன் படிவங்களுக்கு ஆனிங், பில்பாட் இருவர் பெயரையும் வைத்தார். பில்பாட் தொகுப்பு 1880-ல் ஆக்ஸ்ஃபோர்டு போய்ச் சேர்ந்தது. இங்கிலாந்தின் வில்ட்ஷயரில் படிவம் சேர்த்த எதெல்ட்ரெட் பெனெட் என்ற பெண் இன்னும் உஷார்: 1831-லேயே தன் பட்டியலை அச்சில் ஏற்றிவிட்டார். ஆனாலும் மாஸ்கோ இயற்கை ஆய்வுச் சங்கம் அவரை ஆண் என்றே நினைத்து உறுப்பினராக்கியது!

நவம்பர் 9
பொடி பூத்த படிவத்துக்குத் தண்ணீர் காட்டவே கூடாது. முதலில் காய்ந்த தூரிகையால் பொடியைத் தட்ட வேண்டும். பிறகு ஐசோப்ரோப்பனால் என்ற ஆல்கஹாலில் 2 முதல் 5 சதவீதம் எத்தனாலமைன் தயோகிளைகோலேட் என்ற வேதிப்பொருளைக் கரைத்து, அதில் முக்க வேண்டும். இரும்பு சல்ஃபேட்டைத் தொட்டதும் கரைசல் கத்தரிப்பூ நிறமாகும். நிறம் வருவது நிற்கும்வரை கரைசலை மாற்றி, வெறும் ஐசோப்ரோப்பனாலில் அலசி உலர்த்தணும். நாற்றம் குடலைப் புரட்டும், காற்றை உறிஞ்சும் கூண்டுக்குள்தான் வேலை, கையுறை அவசியம்.
பழைய அரக்கு வார்னிஷ்தான் வில்லன். ஈரத்தை முழுசாகத் தடுக்காது, ஆனால் ஆல்கஹாலில் கரையும். அரக்கு ஒட்டிப் பிடித்திருக்கும் படிவத்தை முக்கினால் துண்டுதுண்டாகிவிடும். பஞ்சால் ஓரத்தில் தொட்டுப் பார்க்காமல் இறங்கக்கூடாது.

நவம்பர் 11
மூடிய டப்பா, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல். உள்ளே ஈரப்பதம் 38.

நவம்பர் 12
சீட்டைத் தனியே பாலியெஸ்டர் உறைக்குள் போட்டாயிற்று. இனி கல்லுக்கு அடியில் வைக்கவே கூடாது. புற ஊதா விளக்கில் ஓட்டையின் ஓரத்தில் கீழிறங்கும் ஒரு வால் தெரிகிறது. பில்பாட்டின் 'பி'யா? ஆனிங்கின் கடைசி 'ஜி'யா? 'லைம்' பக்கத்தில் என்பதால் வெறும் ரீஜிஸின் 'ஜி'யாகவும் இருக்கலாம்.

நவம்பர் 13
பெலம்னைட் (கணவாய் போன்ற கடலுயிரியின் படிவம்) தட்டை இன்றே வேறு அலமாரிக்கு மாற்றணும். அது சுண்ணாம்புக் கனிமமான கால்சைட், பக்கத்துத் தட்டின் அமிலமே அரித்துவிடும்.