பைக்குள் ஒரு தோட்டா

ஆயுதச் சட்ட வழக்கு என்று என்னிடம் வருபவர்களில் சிலர் துப்பாக்கியைத் தொட்டதே இல்லை. விமான நிலையத்தில் பையை ஸ்கேன் செய்தபோது உள்ளே ஒரு தோட்டா இருந்திருக்கும், அவ்வளவுதான்.

அப்படி வந்த ஓர் இளைஞரிடம் இருந்தது அப்பாவின் பழைய பை. அப்பாவுக்கு உரிமம் பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கி இருந்தது. அவர் இறந்ததும் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்கள். தோட்டாக்களை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை. ஒன்று பக்கவாட்டு அறையின் கிழிந்த உள்துணிக்குள் நழுவிக் கிடந்திருக்கிறது. அடியில் பித்தளை பச்சை பூத்து, மேலுறை நிறம் மங்கிப் போயிருந்தது. "ஒண்ணே ஒண்ணுதானே சார், இதை வெச்சு யாரை என்ன செய்ய முடியும்?" என்று அவருடைய அம்மா திரும்பத் திரும்பக் கேட்டார்.

சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு துப்பாக்கியைப் போலவே தோட்டாவுக்கும் உரிமம் கேட்கிறது. ஒரு நேரத்தில் எத்தனை வைத்திருக்கலாம், ஓராண்டில் எத்தனை வாங்கலாம் என்று இரண்டு அளவுகள் உரிமத்தில் இருக்கும். உரிமமே இல்லாதவருக்கு ஒன்றுகூட அதிகம்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு இதற்கான தண்டனை 2 ஆண்டு முதல் 5 ஆண்டு வரை. இந்தக் கண்டிப்பு வேண்டும் என்பதுதான் என் கருத்து. கள்ளத் துப்பாக்கிக்கும் தோட்டா வேண்டுமே. கணக்கில் ஓட்டை விழுந்தால் அங்கேதான் போய்ச் சேரும்.

ஆனால் பையில் இருப்பதே தெரியாதவரை என்ன செய்வது? 1972-இல் குன்வந்த் லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு வழி சொல்லியிருக்கிறது: பொருள் தன்னிடம் இருப்பதை அறிந்தே வைத்திருந்தால்தான் குற்றம். ஒற்றைத் தோட்டா வெறும் உதிரிப் பாகம், அதனால் குற்றமாகாது என்றும் சிலர் வாதிடுவார்கள். சில தீர்ப்புகள் அதை ஏற்றும் இருக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. முழுத் தோட்டா எப்படி உதிரிப் பாகமாகும்? அப்பாவின் உரிமம், தோட்டா வாங்கிய பதிவுகள், அந்தக் கிழிந்த உள்துணி இவற்றைக் காட்டித்தான் வாதாடினேன். உயர் நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அதற்குள் அவருடைய வெளிநாட்டு வேலை கைவிட்டுப் போயிருந்தது.

உரிமதாரர் இறந்தால் துப்பாக்கியோடு தோட்டாக்களையும் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத வணிகரிடமோ தாமதமின்றி ஒப்படைக்க வேண்டும் என்கிறது 21-ஆவது பிரிவு. இது வாரிசுகளுக்குத் தெரிவதே இல்லை. உரிமத்தைப் புதுப்பிக்க வரும் ஒவ்வொருவரிடமும் இதை ஒரு தாளில் அச்சடித்து, வீட்டில் படித்துக் காட்டச் சொல்லிக் கொடுத்து அனுப்பலாம். அப்புறம், துப்பாக்கியை வாங்கி வைக்கும் அதிகாரி, "மிச்சத் தோட்டா எத்தனை?" என்று அப்போதே கேட்டுவிடலாம்.